அரசு ஆஸ்பத்திரி: எதற்குக் காசு, தவறு நடந்தால் யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசு நடத்தும் இடங்களுக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கட்டணம் ஒரு விஷயம், கவனக்குறைவு வேறு விஷயம் என்று தோன்றும். சட்டத்தில் இரண்டும் சேர்த்துத்தான் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. நீங்கள் காசு கட்டினீர்களா என்பதைப் பொறுத்துச் சில கதவுகள் திறக்கும், சில திறக்காது. காசு கட்டாதவருக்கு எந்தக் கதவும் இல்லை என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

எதற்கெல்லாம் அரசு மருத்துவமனையில் கட்டணம் வாங்கலாம்?

ஓ.பி. சீட்டு, டாக்டர் பார்ப்பது, பொது வார்டில் படுக்கை, மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் சி.டி.க்கு 500 ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாயும் வாங்குகிறார்கள். இந்த ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. இவை தவிர முழு உடல் பரிசோதனைக்கும், சில பெரிய மருத்துவமனைகளில் கட்டணப் படுக்கை வார்டுக்கும் பணம் கட்ட வேண்டும்.

எதற்குக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். கணக்குக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த 500 ரூபாய் ரசீதுக்கு அதன் மதிப்பைவிடப் பெரிய வேலை இருக்கிறது. கீழே வருகிறது.

பிரசவத்துக்கு?

ஒன்றும் கிடையாது. 2011 ஜூன் மாதம் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வந்து போகும் வண்டி எல்லாம் இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்படியே.

பிரசவ வார்டில் குழந்தையைக் காட்டவே காசு கேட்கிறார்களே?

ஸ்ட்ரெச்சர் தள்ளவும், துணி மாற்றவும், ஆணா பெண்ணா என்று சொல்லவும் கேட்பார்கள். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் கொஞ்சம் குறைவு. இதைக் கட்டணம் என்றோ அன்பளிப்பு என்றோ சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இது லஞ்சம்.

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். ஆனால் கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். வலியில் துடிக்கும் பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் பேரம் பேச யாராலும் முடியாது. கொடுத்துவிட்டீர்களா, ஏழு நாள் கணக்கை மறக்காதீர்கள். அங்கே போகத் தயக்கம் என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம் நாள், நேரம், வார்டு எண்ணுடன் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100-க்கும் சொல்லலாம். வாயால் சொன்ன புகார் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் காணாமல் போகும்.

"இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே வாங்கி வாங்க" என்று சீட்டு கொடுத்தால்?

இருப்பில் இல்லாத மருந்தை மருத்துவமனையே உள்ளூரில் வாங்கிக்கொள்ள வழி உண்டு. அதைச் செய்யச் சொல்லி எழுதிக் கேட்கலாம். ஆனால் நோயாளி அவசர நிலையில் இருக்கும்போது கொள்கை பேசி நிற்காதீர்கள். வாங்கிக் கொடுங்கள், கடை பில்லையும் அந்தத் துண்டுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். துண்டுச் சீட்டில் பெரும்பாலும் கையெழுத்தோ முத்திரையோ இருக்காது. போனில் படம் எடுத்துவிட்டால் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகும்.

சிகிச்சைதான் இலவசமாயிற்றே, காப்பீட்டு அட்டையை ஏன் கேட்கிறார்கள்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளைப் போல அரசு மருத்துவமனைகளும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் அட்டையின்பேரில் செய்த அறுவை சிகிச்சைக்கான தொகை மருத்துவமனைக்கு வரும். இது தவறல்ல. அந்தப் பணத்தில்தான் பல இடங்களில் கருவிகள் வாங்குகிறார்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அட்டை இல்லை என்பதற்காக அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அட்டையைப் பயன்படுத்தினால் ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சிகிச்சைக்கு வேறொருவர் பணம் கட்டினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

சரி, காசே கட்டாத நோயாளி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

அதிகம் குழப்பப்படும் கேள்வி இதுதான். பதில் 1995 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா என்ற வழக்கு அது. மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் ஒரு சேவைதான் என்று முடிவானது அதில்தான். அதே தீர்ப்பு மருத்துவமனைகளை மூன்றாகப் பிரித்தது.

யாரிடமும் எதற்கும் பணம் வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. பதிவுக்காக ஒரு சிறு தொகை வாங்கினாலும் நிலைமை மாறாது. எல்லோரிடமும் பணம் வாங்கும் மருத்துவமனை சட்டத்துக்கு உள்ளே. மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியம். சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே. அரசு மருத்துவமனைக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். கட்டண வார்டு இருக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் உங்கள் அம்மா படுத்திருந்தார் என்றால், "இந்த மருத்துவமனை மூன்றாவது வகை" என்று வாதிடலாம். ஸ்கேனுக்கு 500 ரூபாய் கட்டிய ரசீது கையில் இருந்தால் வாதம் இன்னும் வலுவாகும். காப்பீட்டிலிருந்து பணம் போயிருந்தால், காப்பீட்டு நிறுவனம் கட்டிய பணமும் கட்டணமே என்று அதே தீர்ப்பு சொல்வது உதவும். அரசு வழக்கறிஞர் சும்மா இருக்கமாட்டார். "அது பெயருக்கு வாங்கும் தொகை", "பிரீமியம் கட்டியது அரசு, நோயாளி அல்ல" என்பார். நுகர்வோர் ஆணையம், அதாவது அந்த நீதிமன்றம், எந்தப் பக்கம் சாயும் என்பது உங்கள் தாள்களைப் பொறுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாமே இலவசமாக நடந்திருந்தால் நுகர்வோர் கதவை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நான் வரி கட்டுகிறேனே, அது கட்டணம் ஆகாதா?

ஆகாது. இந்த வாதத்தையும் அதே 1995 தீர்ப்பு பார்த்துவிட்டது. வரி என்பது எல்லோர் தலையிலும் விழும் பொதுச் சுமை, கட்டணம் என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்காகக் கொடுப்பது என்று பிரித்து வைத்துவிட்டார்கள். நியாயமா என்று கேட்டால் எனக்கு உடன்பாடில்லை. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டும் மக்களிடம் "நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லையே" என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டம் இன்றைக்கு அதுதான்.

இ.எஸ்.ஐ. மருத்துவமனை?

நுகர்வோர் கதவு திறந்தே இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் போவதால் அது காப்பீடு போன்றது என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2019-இல் புது நுகர்வோர் சட்டம் வந்ததும் டாக்டர்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

வதந்தி என்று தள்ளிவிட முடியாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மசோதாவில் சேவை என்பதன் விளக்கத்தில் மருத்துவம் என்ற சொல் இருந்தது, நிறைவேறிய சட்டத்தில் இல்லை. அதை வைத்து ஓர் அமைப்பு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் அங்கே தோற்றது, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. மருத்துவம் உள்ளேதான் இருக்கிறது.

நுகர்வோர் கதவு மூடிவிட்டால் வேறு எங்கே போவது?

நிறைய இடம் இருக்கிறது. இலவசமாகப் பார்த்தார்கள் என்பதால் கவனமாகப் பார்க்க வேண்டிய கடமை இல்லாமல் போய்விடாது.

1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கும் கருத்தடைக்கும் சேர்ந்த ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். அவர் இறந்துபோனார். மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல், எனவே எங்கள்மேல் வழக்கு போட முடியாது என்றது அரசு. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியர் செய்த கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்றது. அச்சுதராவ் கோட்வா வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 33 ஆண்டு ஆனது என்பதையும் கவனியுங்கள். முதல் வழி இதுதான்: உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு போடுவது. அரசுமேல் போடுவதால் முன்னதாக இரண்டு மாத நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, ரிட் மனு, அதாவது அரசுமேல் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. நடந்தது தவறு என்பதில் பெரிய தகராறு இல்லாத வழக்குகளுக்கு இது பொருத்தம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். அதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே வந்த உத்தரவு அது. ஆனால் எந்த டாக்டர் என்ன செய்தார் என்று சாட்சி விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டிய வழக்குக்கு ரிட் உதவாது.

மூன்றாவது, மாநில மனித உரிமை ஆணையம். வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நான்காவதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை: நிரந்தர மக்கள் நீதிமன்றம். அவ்வப்போது சனிக்கிழமைகளில் கூட்டப்படும் மக்கள் நீதிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்று ஒரு பட்டியல் தருகிறது. பஸ், தபால், மின்சாரம் ஆகியவற்றோடு மருத்துவமனையும் மருந்தகமும் அதில் இருக்கின்றன. காசு கட்டினீர்களா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஒரு கோடி ரூபாய் வரையான பிரச்சினையை எடுத்துக்கொள்ளும். முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் தானே தீர்ப்பும் சொல்லும். வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே இங்கே வந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உங்கள் மாவட்டத்துக்கு எது என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவசமாகச் சிகிச்சை பெற்றவர் முதலில் யோசிக்க வேண்டிய வழி இது என்பது என் எண்ணம்.

எதைக் கவனக்குறைவு என்று சட்டம் ஏற்கும்?

நோயாளி பிழைக்கவில்லை என்பது மட்டும் போதாது. அதே துறையில் சராசரித் திறமை உள்ள ஒரு டாக்டர் அதே சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் அளவுகோல். இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது பலிக்காமல் போனால் கவனக்குறைவு இல்லை. இடது காலுக்குப் பதில் வலது காலைத் திறந்தால் கவனக்குறைவுதான். அதற்கு நிபுணர் சாட்சிகூட அவசியமில்லை, தவறு தானே பேசும் என்று 2010-இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கருத்தடை செய்தும் கரு தரித்துவிட்டது என்று வருகிறவர்கள் அதிகம். 2000-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் அரசு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தது, ஏனென்றால் இரண்டு குழாய்களில் ஒன்றை மட்டுமே கட்டியிருந்தார்கள். 2005-இல் பஞ்சாப் வழக்கில், அறுவை சிகிச்சை சரியாக நடந்தும் இயல்பாகவே சிலருக்குத் தோற்கலாம், தோற்றது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே இருக்கிறது என்று புரியும்.

செய்த தவறு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதும் கணக்கில் வரும். சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 1996-இல் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிப்பு வரும் அபாயம் உண்டு, குறித்த காலத்துக்குள் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. யாரும் பரிசோதிக்கவில்லை, வரச்சொல்லி எழுதியும் தரவில்லை. குழந்தைக்குப் பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய மருத்துவச் செலவைப் பணவீக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டது அந்தத் தீர்ப்பு. அரசு மருத்துவமனை வழக்கு நடத்துகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

"ஆள் இல்லை, படுக்கை இல்லை" என்பது சரியான பதிலா?

அரசு சொல்ல முடியாத பதில். 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக "இடமில்லை" என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் போய்ப் பிழைத்தார். பண நெருக்கடி என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது, உரிய நேரத்தில் சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையையே மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் தனி டாக்டரைப் பொறுத்தவரை இது வேறு மாதிரி. ஒரே இரவில் முழு வார்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்த பயிற்சி மருத்துவர்மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். புகாரில் "அன்று டூட்டியில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு டீன் பதில் சொல்லியாக வேண்டும்.

தவறு நடந்தது போலத் தோன்றுகிறது. முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓ.பி. சீட்டு, ஸ்கேன், லேப் தாள்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் படம் எடுங்கள். விபத்து என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "சொந்த விருப்பத்தில் போகிறோம்" என்று எழுதிக் கேட்டால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்பியது அவர்கள் என்றால் வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரைத்ததாக எழுதித் தரச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதும் முக்கியம். ஒன்றுக்குச் சம்மதம் வாங்கிவிட்டு, உயிராபத்து இல்லாதபோது இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

வார்டில் கத்தவோ கை ஓங்கவோ வேண்டாம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-இன் தமிழ்நாட்டுச் சட்டத்தில் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. அதோடு, அதுவரை மனு கொடுத்தவராக இருந்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகி, உங்கள் புகாரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

கேஸ் ஷீட்டைத் தரமாட்டேன் என்கிறார்கள்.

தர வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதிகள், 2002. உள்நோயாளி ஆவணத்தை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மருத்துவ ஆவணப் பிரிவில் மனு கொடுத்து உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். இந்தத் தகவல் உரிமை வசதி தனியார் மருத்துவமனையில் இல்லை. கேஸ் ஷீட்டோடு நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, டூட்டி பட்டியல் ஆகியவற்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ்தான் வரும்.

இறந்துவிட்டால் போஸ்ட்மார்ட்டம் தேவையா?

சந்தேகம் இருந்தால் தேவை. உடம்பை அறுக்க வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் காகிதம் பிறகு வேறெங்கும் கிடைக்காது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, முடிந்தால் வேறு மருத்துவமனையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர்மேல் போலீஸ் கேஸ் போட்டு உள்ளே தள்ள முடியுமா?

சாதாரணக் கவனக்குறைவுக்கு முடியாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டை உயரமாகவே போட்டது. குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும், வேறொரு டாக்டரின், முடிந்தவரை அரசு டாக்டரின், பாரபட்சமற்ற கருத்து வாங்கிய பிறகே மேலே போக வேண்டும், வழக்கம்போலக் கைது செய்துவிடக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுக்குப் பதில், அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் என்றால் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு. மற்றவர்களுக்கு ஐந்து.

அரசு டாக்டரின் தவறை இன்னொரு அரசு டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்வது என்பதில் உள்ள சிக்கல் உங்களுக்கே தெரியும். அதனால்தான் குற்ற வழக்கை மட்டும் நம்பி மற்ற வழிகளை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நியாயம் கிடைத்துவிட்டதா?

2022 நவம்பரில் சென்னையில் ஓர் இளம் கால்பந்து வீராங்கனை மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் இறுக்கமாகப் போட்ட கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, இறந்துபோனார். டாக்டர்கள் இருவர் சஸ்பெண்ட் ஆனார்கள், குடும்பத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. ஊரே பேசும் வழக்கில் நடப்பது இது. ஆனால் சஸ்பென்ஷன் தண்டனை அல்ல, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. பாதிச் சம்பளம்போல ஒரு படி கிடைத்துக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன குற்றச்சாட்டு என்பதைக் கேளுங்கள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17-ஏ என்றால் சிறு தண்டனை, 17-பி என்றால் பணிநீக்கம்வரை போகக்கூடியது. எது கொடுத்தார்கள், விசாரணை எங்கே நிற்கிறது என்று தகவல் உரிமையில் கேட்கலாம். துறை நடவடிக்கையிலிருந்து உங்களுக்கு ஒரு பைசாவும் வராது. நிவாரணம் வாங்கியதால் இழப்பீடு கேட்கும் உரிமையும் போகாது, எதிலாவது அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாமல் இருந்தால்.

மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். டாக்டரின் பதிவைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு தராது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஒரு ஓட்டை: கவுன்சில் முடிவை எதிர்த்து டாக்டர் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதிய சட்டம், நோயாளியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. மாலையில் தன் கிளினிக்கில் காசு வாங்கிப் பார்த்துவிட்டு, காலையில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் என்றால், கிளினிக் சீட்டையும் புகாரோடு சேருங்கள். வேலை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்ப்பது தமிழ்நாட்டில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அந்தச் சீட்டு, கட்டணம் கொடுத்த நோயாளி என்று காட்டும்.

எல்லோரிடமும் கொஞ்சம் கட்டணம் வாங்கினால் பொறுப்பும் வரும் என்கிறார்களே?

படித்தவர்கள் சிலர் விரும்பிச் சொல்லும் யோசனை இது. ஏற்கவில்லை. கட்டணம் வாங்கும் தனியார் மருத்துவமனையிலும் கேஸ் ஷீட் வாங்க அலைய வேண்டித்தான் இருக்கிறது. கட்டணம் வந்தால் முதலில் வராமல் போகிறவர் கூலி வேலைக்காரர். நுகர்வோர் சட்டத்தில் அரசு மருத்துவமனைகளைக் கட்டணம் பார்க்காமல் சேர்த்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அதை நாடாளுமன்றம் செய்ய வேண்டும்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்கு போட வேண்டும்? வக்கீல் வேண்டுமா?

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையத்திலும் போடலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை, நீங்கள் கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. அதாவது 500 ரூபாய் ஸ்கேன் ரசீதோடு 30 லட்சம் இழப்பீடு கேட்பவரும் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம்.

நீங்களே வாதாடலாம். ஆனால் மருத்துவ வழக்கில் எதிர்ப்பக்கம் நிபுணர் அறிக்கையோடு வரும், அதைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் வேண்டும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவில் கேட்கலாம். வழக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டாம். பார்த்த டாக்டர்கள் எல்லோரையும் பெயரோடு சேர்க்கத் தேவையில்லை, மருத்துவமனையைச் சேர்த்தாலே போதும் என்று 2004-இல் சவிதா கர்க் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனை என்றால் சுகாதாரத் துறைச் செயலரும், மருத்துவமனையின் டீனோ மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரோ எதிர்மனுதாரர்கள்.